தொட்டாலும் அசையேல்ல, தொடாமலே அடிக்குது: வீட்டுச் சாமானை டச் ஆக்கிறாக்களுக்கு

மூக்குப்பேணி, குத்துவிளக்கு, கதவுக் கைபிடி, கதிரைக் கை, வாழைப்பழம், பென்சிலால கீறின படம் எண்டு எதை வேணுமெண்டாலும் தொட்டா உணருற மாதிரி ஆக்கலாம், ஒரு வயரும், ஆர்டுயினோ ஊனோ, இஎஸ்பி32 மாதிரி புரோகிராம் எழுதி ஓட்டுற ஒரு சின்ன போர்டும் காணும். செய்யிறது லேசு, ஆனா செய்து முடிச்சு ரெண்டாம் நாள் தொடங்குற தொல்லையளாலதான் கன பேர் உதைத் தூக்கி மூலையில வைச்சிடீனம். பள்ளிக்கூடக் கண்காட்சி கிட்ட வந்தா பிள்ளையள் என்னட்டக் கொண்டு வாறதும் உந்தத் தொல்லையளைத்தான். "அண்ணை, வீட்டில வடிவா வேலை செய்தது, பள்ளிக்கூடத்தில வைச்சா ஒண்டும் இல்லை" எண்டு ஒரு பிள்ளை அழாக்குறையா வந்து நிக்கேக்க அதில கோட் (போர்டுக்கு எழுதின புரோகிராம்) பிழை ஒண்டும் இருக்கிறேல்ல. அதனால குணங்குறியைப் பாத்துப் பிழை பிடிக்கிற மாதிரி எழுதுறன். உங்கட பிரச்சினை எதுவோ நேரா அங்க போகலாம், ஆனா முதல் பகுதியை மட்டும் எல்லாரும் வாசியுங்கோ.

எதையும் மாத்த முதல் நம்பரைப் பாருங்கோ

லைட், ரிலே (மின்னால இயங்குற சுவிட்ச்), பாட்டு எல்லாத்தையும் கோட்டில நிப்பாட்டிப்போட்டு சென்சர் தாற வெறும் நம்பரை மட்டும் சீரியல் மொனிற்றரில (கோட் எழுதுற மென்பொருளில நம்பர் ஓடுற யன்னல்) ஓட விடுங்கோ, சீரியல் புளொட்டர் இன்னும் நல்லம், கோடா தெரியும். மூண்டு விசயத்தைக் கொப்பியில எழுதுங்கோ: தொடாம இருக்கேக்க எவ்வளவு, தொட்டா எவ்வளவு, தொடாம இருக்கேக்கயே எவ்வளவு ஆடுது. தொட்டதுக்கும் தொடாததுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஆட்டத்தைப்போல அஞ்சு மடங்காவது இருக்க வேணும் எண்டது நான் வைச்சிருக்கிற கணக்கு. அது இல்லாம எந்த எல்லை நம்பரைக் கோட்டில போட்டாலும் ஒருநாள் அடிக்கும் ஒருநாள் அடிக்காது, அப்ப சரி செய்ய வேண்டியது வயரையும் பொருளையும்தான், கோட்டை இல்லை.

ஏன் எண்டு கொஞ்சம் விளங்கினா மிச்சமெல்லாம் லேசாப் போயிடும். எங்கட உடம்புக்கும் நிலத்துக்கும் இடையில கிட்டத்தட்ட 100 பிகோ பராட் அளவு கப்பாசிற்றன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கிற அளவு, பிகோ பராட் அதின்ர மிகச் சின்ன அலகு) இருக்கு. நீங்கள் விரலை வைக்கேக்க சென்சருக்கு அதில சில பிகோ பராட் மட்டும்தான் கூடுதலாத் தெரியுது, அந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் போர்ட் அளக்குது. எதோட ஒப்பிட்டு அளக்குது எண்டா தன்ர கிரவுண்ட் பின்னோட (பூச்சிய வோல்ற்றுக்குரிய கால்). அப்ப விரல், உடம்பு, நிலம், திரும்பி போர்டின்ர கிரவுண்ட் எண்டு ஒரு வட்டம் பூர்த்தியாக வேணும். கன பேர் விரல் பக்கத்தை மட்டும் பாத்துப் பாத்து மினக்கெடுவினம், பிழை இருக்கிறது திரும்பி வாற பக்கத்தில.

தொட்டாலும் நம்பர் அசையவே இல்லை

முதல் சந்தேகம் வயரும் பொருளும் சேர்ற இடம். அலுமினியம் பேப்பரில சாதாரண ஈயம் பிடிக்காது, மேல எப்பவும் ஒரு ஒக்சைட் படலம் இருக்கும், அதனால பிடிச்ச மாதிரித் தெரிஞ்சாலும் இழுத்தா கழண்டு வரும். வயரின்ர நுனியை ஒரு அங்குலத்துக்கு உரிச்சு விரிச்சு, பேப்பரை அதுக்கு மேல ரெண்டு மூண்டு மடிப்பு மடிச்சு இறுக்கி ரேப் சுத்துங்கோ, அது ஈயத்தை விட நிண்டு பிடிக்கும். கொப்பர் ரேப் எண்டா துண்டுக்கு மேல துண்டு ஒட்டினா மின் போகும் எண்டு நினைக்காதேங்கோ, கன ரேப்பில பசை மின் கடத்தாது, சேர்ற இடத்தில ஒரு சொட்டு ஈயம் வைக்க வேணும். புதுப் பித்தளைச் சாமானுக்கு மினுக்கம் போகாம இருக்க மேல வார்ணிஷ் அடிச்சிருப்பாங்கள். விரல் படுற பக்கத்தில அது இருந்தா பரவாயில்லை, வயர் படுற இடத்தில இருந்தா வேலை கெட்டுது, அடியில தெரியாத இடத்தில அரத்தாள் போட்டு ஒரு சதம் அளவு சுரண்டிப்போட்டு வயரைப் பூட்டுங்கோ. பெயின்ற் அடிச்ச இரும்புக்கும் இதே கதைதான். மல்ரிமீற்றரை பீப் சத்தத்தில வைச்சு போர்டின்ர பின்னிலயிருந்து பொருளின்ர மறு அந்தம் வரைக்கும் ஒருக்கா பாத்தா எங்க அறுந்திருக்கெண்டு தெரிஞ்சிடும். பென்சில் கோட்டில பீப் வராது, அங்க ஓம் அளவில வைச்சுப் பாருங்கோ, சில பத்தாயிரம் ஓம் காட்டினாலும் டச்சுக்குக் காணும். பென்சில் எண்டா 6பி, 8பி மாதிரிக் கறுப்புக் கூடினது, ரெண்டு மூண்டு தரம் தடிப்பா கீறி, பேப்பரை மடிக்காம வைச்சிருங்கோ, மடிப்பில கிரபைட் விட்டுப் போகும்.

ரெண்டாவது பின். பழைய சாதாரண இஎஸ்பி32 இல டச் எடுக்கிறது பத்துப் பின்னிலதான்: 0, 2, 4, 12, 13, 14, 15, 27, 32, 33. வேற பின்னில பூட்டினா நம்பர் அசையாது. இஎஸ்பி32 எஸ்3 இல 14 டச் பின் இருக்கு, சி3 எண்ட மலிவுப் போர்டில டச்சே இல்லை, பேர் கிட்டத்தட்ட ஒண்டெண்டபடியா மாறி வாங்கிக்கொண்டு வாற ஆக்கள் இருக்கினம், கடையில கேக்கேக்க சில்லின்ர மேல எழுதியிருக்கிறதை வாசிச்சுப் பாத்து வாங்குங்கோ. இன்னொண்டு, சாதாரண இஎஸ்பி32 இல தொட்டா நம்பர் குறையும், எஸ்2, எஸ்3 இல தொட்டா கூடும். ஒண்டுக்கு எழுதின கோட்டை மற்றதில போட்டா எல்லாம் தலைகீழா நடக்கும், அதை ஆக்கள் சென்சர் பழுது எண்டு நினைப்பினம்.

பன்னிரண்டு இடத்தைப் பாக்கிற எம்பிஆர்121 எண்ட டச் மொடியூல் பாவிக்கிறாக்கள் கவனம், அந்தச் சில்லுக்கு ஆகக் கூடினது 3.6 வோல்ற்தான், ரெகுலேற்றர் (வோல்ற்றைக் குறைச்சுத் தாறது) இல்லாத மொடியூலை ஊனோ போர்டின்ர 5 வோல்றில பூட்டினா போச்சு. ஒண்டுக்கு மேல பூட்டினா எல்லாத்துக்கும் ஒரே முகவரி வரக் கூடாது, முகவரிப் பின்னை எங்க பூட்டுறீங்கள் எண்டதை வைச்சு ஹெக்ஸில 5ஏ, 5பி, 5சி, 5டி எண்டு நாலு தரலாம், அப்ப ஆகக் கூடினது 48 இடம் தொடலாம்.

லப்டொப்பில குத்தினா வேலை செய்யுது, பவர் பாங்கில போட்டா இல்லை

ஆகக் கூடுதலா வாற பிரச்சினை இது, பிள்ளையள் அழுறதும் இதாலதான், அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

லப்டொப்போட போர்ட் இருக்கேக்க அதின்ர கிரவுண்ட் லப்டொப்பின்ர உடலோடயும், சார்ஜர் வழியா வீட்டு வயரிங்கோடயும் ஒரு மாதிரித் தொடர்பில இருக்கும். நீங்களும் வெறுங்காலோட சீமெந்து நிலத்தில நிக்கிறீங்கள். வட்டம் பூர்த்தி. அதே போர்டை ஒரு சின்னப் பவர் பாங்கில போட்டு பிளாஸ்ரிக் மேசைக்கு மேல வைச்சா அதின்ர கிரவுண்டுக்கு நிலத்தோட ஒரு தொடுப்பும் இல்லாமப் போகுது. நீங்கள் தொட, முழுப் போர்டும் உங்களோட சேந்து ஆடுது, அதுக்கு வித்தியாசம் தெரியிறேல்ல. இதுக்கு மேல பள்ளிக்கூடத்தில எல்லாரும் சப்பாத்துப் போட்டிருப்பினம், வீட்டில வெறுங்கால். றப்பர் அடியுள்ள சப்பாத்து உடம்புக்கும் நிலத்துக்கும் இடையில இருக்கிற தொடுப்பைக் குறைச்சுப் போடும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில பலவீனமாகும், நம்பர் அசையாது, பிள்ளை கோட்டை மாத்தத் தொடங்கும்.

செய்ய வேண்டியது, போர்டின்ர கிரவுண்டுக்கு ஒரு பெரிய உடம்பு குடுக்கிறது. மேசையின்ர அளவுக்கு ஒரு அலுமினியம் பேப்பரை விரிப்புக்குக் கீழ போட்டு அதைக் கிரவுண்ட் பின்னோட பூட்டுங்கோ. தொடுற பொருளுக்கு நேர கீழ அந்தப் பேப்பர் ஒட்டி வரக் கூடாது, ஒரு சாண் இடைவெளி விடுங்கோ அல்லாட்டி இடையில தடிச்ச பலகை வையுங்கோ, இல்லாட்டி தொடாத நம்பரே தொட்ட நம்பர் பக்கம் போய் நிக்கும். இன்னும் நல்ல வழி, ஆள் தொட முதல் மற்றக் கையோ முழங்கையோ இயல்பாப் படுற இடத்தில ஒரு கிரவுண்ட் தகட்டை வைக்கிறது: மேசை விளிம்பில ஒரு கொப்பர் பட்டி, கதிரையின்ர கைபிடி, நிக்கிற பாய்க்குக் கீழ பேப்பர். அப்ப ஆள் சப்பாத்தோட வந்தாலும் வெறுங்காலோட வந்தாலும் நம்பர் ஒரே மாதிரி வரும். ஆனா இந்தத் தகட்டைப் பவர் பாங்கிலயோ பற்றரியிலயோ ஓடுற சாமானுக்கு மட்டும் வையுங்கோ. மெயின்ஸிலயிருந்து வாற மலிவு சார்ஜரில போர்ட் ஓடேக்க அதின்ர கிரவுண்டைக் கையால தொடுற மாதிரி வெளிய விடாதேங்கோ, ஏன் எண்டு கீழ வருகுது.

எர்த் தேவை எண்டு விளங்கின உடன சுவரில இருக்கிற பிளக்கின்ர எர்த் ஓட்டைக்க வயரைக் குத்துற ஆக்களும் இருக்கினம். தயவுசெய்து வேண்டாம். பழைய வீடுகளில வயரிங் எப்பிடி இருக்கெண்டு ஆருக்கும் தெரியாது, எர்த் எண்டு நினைக்கிற ஓட்டைக்குப் பின்னால எர்த்தே இல்லாமலும் இருக்கலாம், பிழையாப் பூட்டியும் இருக்கலாம். ஒரு விளையாட்டுச் சாமானுக்காக 230 வோல்றோட மினக்கெடுறது சரியில்லை.

சார்ஜரில போட்டா தொடாமலே அடிக்குது

மேல சொன்னதின்ர மறுபக்கம் இது. ரெண்டு பின் சார்ஜருக்குள்ள மெயின்ஸ் பக்கத்துக்கும் 5 வோல்ற் பக்கத்துக்கும் இடையில "வை" (Y) கப்பாசிற்றர் எண்டு ஒண்டு இருக்கு. எர்த் இல்லாதபடியா வெளிய வாற கிரவுண்ட் 230 வோல்றின்ர பாதி அளவுக்கு மிதக்கும். கரண்ட் மிச்சம் கொஞ்சம்தான், லப்டொப் சார்ஜில இருக்கேக்க உலோக உடலில கை தேச்சா ஒரு சுருசுருப்பு வருமெல்லோ, அதுதான் இது. எங்களுக்குச் சுருசுருப்பு, டச் சென்சருக்கு அது பெரிய ஆட்டம், சில பிகோ பராட்டைத் தேடிக்கொண்டிருக்கிற அதுக்கு இது முழுக்க மூடிப்போடும். அதிலயும் மலிவு சார்ஜரில வடிகட்டுற பகுதி குறைவு, சுவிட்ச் ஆகிற இரைச்சலும் சேந்து வரும்.

முதல்ல பற்றரியில போட்டுப் பாருங்கோ. ஆட்டம் நிண்டா குற்றவாளி சார்ஜர்தான், வேற எங்கயும் தேட வேண்டாம். எர்த் உள்ள மூண்டு பின் அடப்டர் ஒண்டு கிடைச்சா அதைப் போடுங்கோ, ஆனா மூண்டாவது பின் பிளாஸ்ரிக்கா இருந்தா அது ஓட்டையைத் திறக்க மட்டும்தான், எர்த் இல்லை. கண்காட்சியில ஜெனரேற்றரில ஓடுற மண்டபம் எண்டா இன்னும் மோசமா இருக்கலாம், அங்க நான் பவர் பாங்கும் கிரவுண்ட் பேப்பரும் எண்டுதான் சொல்லுவன். கோட்டில செய்யக் கூடின நல்ல வேலை ஒண்டு இருக்கு: எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஒரு சுத்து 20 மில்லிசெக்கன், அப்ப 20 மில்லிசெக்கனுக்குள்ள சமமாப் பரவின கன நம்பரை எடுத்துச் சராசரி பாத்தா அந்த இரைச்சலின்ர ஏத்தமும் இறக்கமும் ஒண்டையொண்டு கழிச்சுப் போடும். 17 அல்லது 23 மில்லிசெக்கன் எண்டு எடுத்தா கழியாது. சுவிட்ச் இரைச்சலுக்கு இது உதவாது, அதுக்கு நல்ல சார்ஜர்தான்.

வயரையும் பாருங்கோ. ஒரு மீற்றர் வயர் எண்டா அந்த ஒரு மீற்றரும் டச் சென்சர்தான், அதுக்குப் பக்கத்தால மேசை ஃபான் வயர் போனா அதையும் கேக்கும். போர்டைப் பொருளுக்குக் கிட்டக் கொண்டு போங்கோ, டச் வயரைக் கட்டையாக்குங்கோ, தூரம் போக வேணுமெண்டா லைட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் போற வயர் தூரம் போகட்டும். இஎஸ்பி32 இல பின்னுக்குக் கிட்ட 500 ஓம் அளவில ஒரு ரெசிஸ்ரர் தொடரில போட்டா இரைச்சலும் குறையும், குளிரூட்டின அறையில கம்பளத்தில நடந்து வந்து தொடுற ஆளின்ர நிலைமின்னால பின் கருகிறதும் குறையும்.

எல்லைக்குக் கிட்ட நிண்டு ஓன் ஓஃப் ஓன் ஓஃப் எண்டு துடிச்சா ஒரு எல்லை வைக்காம ரெண்டு வையுங்கோ. தொடாத நம்பரில இருந்து எவ்வளவு விலகுது எண்டதில தொட்டதுக்கு ஒண்டு, விட்டதுக்கு அதை விடச் சின்னது. எம்பிஆர்121 இன்ர வழமையான லைப்ரரியில (ஆயத்தமா எழுதி வைச்ச கோட்) இது 12 உம் 6 உமா இருக்கும், அந்த அரைவாசி எண்ட விகிதம் வேற போர்டிலயும் சரி வருகுது.

ஒண்டைத் தொட்டா பக்கத்தில இருக்கிறதும் சேந்து அடிக்குது

வயருகளை வடிவா இருக்கட்டுமெண்டு ஒண்டாச் சேத்துக் கட்டியிருப்பீங்கள், அவிட்டு விடுங்கோ. பக்கம் பக்கமாப் போற ரெண்டு வயரும் தங்களுக்குள்ள ஒரு கப்பாசிற்றர். தகடுகளுக்கு இடையில ஒரு விரல் இடைவெளி, முடிஞ்சா இடையில கிரவுண்டோட பூட்டின ஒரு மெல்லிய பட்டி. கோட்டில எல்லை தாண்டின எல்லாத்தையும் எடுக்காம, ஆகக் கூட மாறின ஒண்டை மட்டும் எடுத்தா மெல்லிசாப் பக்கத்தில பட்டது தானா விழுந்து போகும், ஒரே நேரத்தில ரெண்டு சுரம் வாசிக்கிற இசைக்கருவிக்கு மட்டும் இது சரிவராது.

தண்ணி ஊத்தின பேணியளை வரிசையா வைச்சு வாசிக்கிற ஆக்களுக்கு இன்னொரு சங்கதி. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாற தண்ணி, உப்பும் சுண்ணாம்பும் கரைஞ்சிருக்கு, நல்லா மின் கடத்தும். அது பேணிக்குள்ள இருக்கு மட்டும் நல்லம், வயரை உள்ள விட்டாலே முழுத் தண்ணியும் சென்சர் ஆகிடும். மேசையில சிந்தி ஈரம் ஒரு படலமாப் போச்சுதெண்டா எல்லாப் பேணியும் ஒரு பேணி. கீழ தனித்தனியா றப்பர் வளையம் வைச்சு உயத்துங்கோ, பக்கத்தில காஞ்ச துணி ஒண்டும் வைச்சிருங்கோ.

கிட்டப் போகவே அடிக்குது

பொருள் பெரிசெண்டா இப்பிடித்தான். குத்துவிளக்கு, இரும்பு அலுமாரி, கட்டில் சட்டம் எல்லாம் பெரிய தகடு, கை கிட்ட வரவே உணரும். இதைப் படலைக்குச் செய்யப் பாக்கிறவை, இரும்புப் படலை மண்ணோடயும் மதிலோடயும் தொட்டுக்கொண்டு நிக்கும், மழை பெய்தா முழுக்க எர்த், அதை விட்டிடுங்கோ, படலையில ஒரு சின்னத் தகட்டைப் பிளாஸ்ரிக் வைச்சுத் தனியாப் பூட்டினா வேலை முடிஞ்சுது.

ஊனோவில போல் பாட்ஜர் எண்டவர் எழுதின கப்பாசிற்றிவ் சென்சர் லைப்ரரி பாவிக்கிறீங்கள் எண்டா ரெசிஸ்ரரை மாத்துங்கோ. 1 மெகா ஓம் எண்டா தொட்டால்தான் தெரியும், 10 மெகா ஓம் எண்டா ஒரு சாண் தூரத்திலயே தெரியும், 40 எண்டா இன்னும் தூரம். ஒரு இடத்தை மட்டும் பாக்கிற நீலநிற ரீரீபி223 டச் மொடியூலில உணர்ச்சியைக் குறைக்க ஒரு சின்னக் கப்பாசிற்றரை அதுக்கெண்டு விட்டிருக்கிற இடத்தில ஈயம் பிடிக்கலாம், 50 பிகோ பராட் வரைக்கும், கூடக் கூட உணர்ச்சி குறையும். அந்த மொடியூலில ஏ, பி எண்டு ரெண்டு சின்ன இடம் இருக்கு, பி ஐச் சேத்தா ஒருக்காத் தொட்டா ஓன் மற்றத் தரம் தொட்டா ஓஃப் எண்டு நிக்கும், ஏ ஐச் சேத்தா வெளிய வாறது தலைகீழாகும். தெரியாம ஈயம் வழிஞ்சு சேந்து போனா "விசர் மொடியூல்" எண்டு திட்டுறாக்கள் இருக்கினம், பூதக்கண்ணாடி பிடிச்சு ஒருக்காப் பாருங்கோ.

மேசைக்குக் கீழ ஒட்டினா தெரியேல்ல

மரத்துக்கும் கண்ணாடிக்கும் மாபிளுக்கும் பின்னால இருந்து உணரலாம். கெடுக்கிறது காத்து. மின்புலத்தைக் கடத்துற அளவில காத்து 1, காஞ்ச மரம் 2 க்குக் கொஞ்சம் மேல, அக்கிரிலிக் 3 அளவில, கண்ணாடி 5 க்கு மேல. தகட்டுக்கும் மேசைக்கும் இடையில ஒரு மில்லிமீற்றர் காத்து நிண்டா அது கன மில்லிமீற்றர் கண்ணாடி வைச்சதுக்குச் சமன். அதால ரேப்பால நாலு மூலை ஒட்டுறதை விட்டிட்டு முழுத் தகட்டையும் பசை தடவி வடிவா அமத்தி ஒட்டுங்கோ. தடிப்புக் கூடினா தகடும் பெருக்க வேணும், விரல் நுனி அளவுத் தகடு மெல்லிய கண்ணாடிக்குக் காணும், முதிரைப் பலகை மேசைக்கு உள்ளங்கை அளவு வேணும். மேல உலோகத் தகடோ மினுங்குற உலோகப் பூச்சோ இருந்தா ஒண்டும் செய்ய ஏலாது.

காலமை சரி, மத்தியானம் பிழை. சோளகத்தில சரி, மாரியில பிழை

மேல சொன்ன மின்புல அளவில தண்ணி 80, காத்து 1. இந்த ஒரு வித்தியாசம் எல்லாத்தையும் சொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மரமும் பேப்பரும் ஓலையும் ஈரத்தை உறிஞ்சும், தொடாத நம்பர் மெல்ல மெல்ல நகரும். பனையோலைச் சுளகுக்குப் பின்னால தகடு ஒட்டினது ஒண்டில நான் இதை வடிவாப் பாத்தன், மழை தொடங்க நம்பர் ஒரு பக்கமாச் சரிஞ்சு கொண்டே போகும், தொடுறதால வாற வித்தியாசம் மட்டும் கிட்டத்தட்ட அப்பிடியே இருக்கும்.

அப்ப கோட்டில "40 ஐ விடக் குறைஞ்சா தொட்டது" எண்டு நிலையான எல்லை வைக்கிறதுதான் பிழை. தொடாத நிலையை மெல்ல மெல்லப் பின்தொடர விடுங்கோ: ஒவ்வொரு தரமும் பழைய அடிநிலையில (தொடாத நம்பர்) நூறில 99 பங்கும் புது நம்பரில ஒரு பங்கும் சேத்து புது அடிநிலை. அதிலயிருந்து எவ்வளவு விலகுது எண்டதைத்தான் பாக்க வேணும். தொட்டுக்கொண்டிருக்கேக்க இந்தப் பின்தொடர்தலை நிப்பாட்ட வேணும், இல்லாட்டி கையை நெடுக வைச்சிருக்க வைச்சிருக்க அதுதான் வழமை எண்டு போர்ட் பழகிப்போடும்.

கரண்ட் போய் வந்தா எல்லாம் தலைகீழ்

கரண்ட் வந்த நேரம் ஆரோ கை வைச்சிருந்தினம், அல்லது மேசையில ஒரு செம்பு தண்ணி இருந்தது. போர்ட் எழும்பேக்க கண்டதைத் தொடாத நிலை எண்டு எடுத்திட்டுது. ரீசெற் அமத்தினா சரி. நிரந்தரமாச் செய்யிறதெண்டா, எழும்பி ரெண்டு செக்கன் பொறுத்து அளக்கச் சொல்லுங்கோ, அதோட காஞ்ச நாளில எடுத்த நல்ல அடிநிலை ஒண்டைச் சேமிச்சு வைச்சு, புதுசு அதை விட மிச்சம் விலகியிருந்தா பழசைப் பாவிக்கச் சொல்லுங்கோ. ஊனோ லைப்ரரியில 20 செக்கனுக்கு ஒருக்கா தானா அடிநிலை எடுக்கிற பழக்கமும் இருக்கு, நெடுக அமத்திப் பிடிக்கிற வேலைக்கு அதை நிப்பாட்டி வையுங்கோ.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. எங்கட ஊரில கையை முழுசா அசைக்க ஏலாத ஆக்கள், படுக்கையில இருக்கிற வயசுபோன ஆக்கள் கன பேர். சுவரில இருக்கிற சுவிட்ச் எட்டாத ஒராளுக்கு கட்டில் சட்டத்தில ஒட்டின ஒரு கொப்பர் பட்டி அழைப்பு மணியா இருக்கலாம், புறங்கையால பட்டாலும் காணும், பலம் தேவையில்லை. அங்க ஒருக்கா அடிக்க வேண்டிய நேரம் அடிக்காட்டி அந்த ஆச்சி பேந்து அதைத் தொடவே மாட்டா. ராவில நாலு தரம் சும்மா அடிச்சா வீட்டாக்கள் வயரைக் கழட்டிப் போடுவினம். கண்காட்சிச் சாமானுக்கு ஒருநாள் வேலை செய்தாக் காணும், இதுக்கு மாரியிலயும் வேலை செய்ய வேணும், கரண்ட் போய் வந்தும் வேலை செய்ய வேணும். இப்பிடியான சாமானைப் பற்றரியில ஓட்டுங்கோ. 230 வோல்ற் லைட்டையோ ஃபானையோ ஓன் பண்ணுறதெண்டா அந்த ரிலே தனிப் பெட்டியில, வயரிங் தெரிஞ்ச ஆள் பூட்டினதா இருக்க வேணும், ஆள் தொடுற வயரும் மெயின்ஸ் வயரும் ஒரு பெட்டிக்குள்ள இருக்கவே கூடாது.

தொட்டு நேரம் கழிச்சுத்தான் அடிக்குது

ஊனோ லைப்ரரியில பெரிய ரெசிஸ்ரரும் பெரிய பொருளும் சேந்தா இது வரும். 10 மெகா ஓமும் 100 பிகோ பராட்டும் பெருக்கினா 1 மில்லிசெக்கன், ஒரு தரம் அளக்க ஏறியும் இறங்கியும் கிட்டத்தட்ட ஒண்டரை மில்லிசெக்கன் போகும், 30 சாம்பிள் (30 தரம் அளக்கிறது) எண்டா 40 மில்லிசெக்கனைத் தாண்டும், அப்பிடிப் பத்துச் சாவி வைச்சா அரைச் செக்கனுக்குக் கிட்ட. மெல்ல வாசிக்கிற பாட்டுக்கே அது காணாது. சாம்பிளைக் குறையுங்கோ, ரெசிஸ்ரரை 1 மெகாவுக்குக் கொண்டு வாங்கோ, இல்லாட்டி பன்னிரண்டு இடத்தையும் தானே பாக்கிற எம்பிஆர்121 க்கு மாறுங்கோ. நம்பர் -2 எண்டு வந்தா அது அளவில்லை, நேரம் முடிஞ்சு போச்சு எண்டு லைப்ரரி சொல்லுறது: ரெசிஸ்ரர் கழண்டிருக்கும், அல்லாட்டி பொருள் எங்கயோ எர்த்தில முட்டுது. ரீரீபி223 சும்மா இருந்தா நித்திரைக்குப் போகும், முதல் தொடுகைக்கு 220 மில்லிசெக்கன் வரை எடுக்கும், அது பழுதில்லை.

கோட் ஏறுதில்லை, போர்ட் எழும்புதில்லை

இஎஸ்பி32 இல 0, 2, 12, 15 பின்னுகளில பூட்டியிருப்பீங்கள். போர்ட் எழும்பேக்க அந்தப் பின்னுகளைப் பாத்துத்தான் எப்பிடி எழும்புறதெண்டு முடிவெடுக்கும். கழட்டிப்போட்டு ஏத்துங்கோ, பிறகு 4, 13, 14, 27, 32, 33 க்கு மாத்துங்கோ.

மேக்கி மேக்கியில பழம் வேலை செய்யேல்ல

2012 இல எம்ஐடி மீடியா லாபில இருந்த ஜே சில்வரும் எரிக் ரோசன்பாமும் கொண்டு வந்த போர்ட் இது, வாழைப்பழப் பியானோ எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சது. இது கப்பாசிற்றன்ஸ் இல்லை, உண்மையா உடம்பால மெல்லிய கரண்ட் ஓட வேணும், அதால ஒரு கை எர்த் வயரைப் பிடிச்சிருக்க வேணும். மேல சொன்ன மரம், கண்ணாடி, வார்ணிஷ் ஒண்டுக்குள்ளாலயும் இது உணராது. சோளகக் காத்துக்குக் கை காஞ்சிருந்தா ஈரத் துணியில துடைச்சிட்டுத் தொடுங்கோ. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டின பக்கத்தால வைச்சா தோல் பக்கத்தை விட நல்லா வரும், தோலில மெழுகுத் தன்மை இருக்கு. சுவரையோ மேசையையோ முழுசாத் தொடுற பரப்பாக்க வேணுமெண்டா இதையோ ரீரீபி223 ஐயோ நம்பிப் போகாதேங்கோ. 2017 இல கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆக்கள் எலக்ட்ரிக் எண்டு காட்டினது காபன் கலந்த பூச்சும் விளிம்பில வைச்ச மின்வாயளும் வைச்சு எந்த இடத்தில தொடுறீங்கள் எண்டு கண்டு பிடிச்சது. அதுக்கு முதல் 2012 இல டிஸ்னி ஆராய்ச்சிக் கூடத்தில டுஷே எண்டு, கன அலைவரிசையை ஓட விட்டு ஒரே வயரால கதவுக் கைபிடியை ஒரு விரலால தொட்டதோ முழுக்கையால பிடிச்சதோ எண்டு பிரிச்சாங்கள். அந்த ரெண்டு வழியும் வேற, எங்கட சின்ன மொடியூலிட்ட அதை எதிர்பாக்க ஏலாது.

மூண்டு மாதத்தால மெல்ல மெல்லச் செத்துப் போச்சு

பருத்தித்துறை, வல்வெட்டித்துறை மாதிரிக் கடற்கரைப் பக்கத்து வீடுகளில கொப்பர் பச்சை பிடிக்கும், முதலைக் கிளிப்பின்ர வாய் கறள் கட்டும். விரல் படுற முகம் பச்சை பிடிச்சாலும் டச் வேலை செய்யும், வயர் சேர்ற மூட்டுத்தான் போகும். கிளிப்பை எடுத்திட்டு ஈயம் பிடிச்சு, மூட்டுக்கு மேல நகப்பூச்சு ரெண்டு தரம் பூசி விடுங்கோ.

இவ்வளவும் பாத்தும் சரிவராம ஆரிட்டையும் கேக்கிறதெண்டா "வேலை செய்யேல்ல" எண்டு மட்டும் அனுப்பாதேங்கோ. தொடாத நம்பர், தொட்ட நம்பர், சும்மா ஆடுற அளவு, எந்தப் போர்ட், எந்தப் பின், பவர் எங்கயிருந்து வருகுது, வயர் எவ்வளவு நீளம், தொடுற ஆள் சப்பாத்துப் போட்டிருக்கோ இல்லையோ, இதோட வயர் பொருளில சேர்ற இடத்தின்ர ஒரு கிட்டப் படம், இவ்வளவும் இருந்தா பாக்கிற ஆளுக்கு எந்தப் பகுதியில பிழை எண்டு பிடிக்கலாம்.